வேலைக்கு போறதுக்கு டிரஸ் எடுக்கப் போறீங்களா? கடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி இத படிங்க

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நம்ம வீடுகள்ல நடக்குற முதல் சடங்கு என்னன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட தி.நகர் கிளம்பி ஒரே மூச்சுல அஞ்சு சட்டை அஞ்சு பேண்ட் எடுத்துட்டு வர்றது தான். கோயம்புத்தூர்னா ஒப்பணக்கார வீதி, மதுரைன்னா விளக்குத்தூண், திருச்சின்னா என்.எஸ்.பி ரோடு, ஊர் தான் மாறும். தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க. போகப்போற ஆபீஸ்ல எல்லாரும் டக் இன் பண்ணிட்டு வர்றாங்களா இல்ல காலர் டிஷர்ட்ல சுத்துறாங்களான்னு உங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது, அதுக்குள்ள மொத்த காசையும் கொட்டிட்டா அப்புறம் முழிக்கணும். முதல் மாசத்துக்கு மூணு சட்டை, ரெண்டு பேண்ட், ஒரு நல்ல ஷூ போதும், மாத்தி மாத்தி போட்டா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. ஒரு மாசம் போனதும் உங்களுக்கு ஒரு படி மேல இருக்கவங்க, முக்கியமா வெளியாளுங்கள சந்திக்கப் போறவங்க என்ன போடுறாங்கன்னு பாத்து மிச்சத்த எடுங்க.

இன்னொன்னும் இப்பவே சொல்லிடறேன். பிராண்டுக்கு கொடுக்குற காசுல பாதிய எடுத்து டெய்லருக்கும் இஸ்திரிக்கும் ஷூவுக்கும் கொடுங்க. மூவாயிரம் ரூபா சட்டை தோள்ல தொங்கிட்டு இருந்தா அது அண்ணன் சட்டைய தம்பி போட்ட மாதிரி தான் இருக்கும், அதே எழுநூறு ரூபா சட்டைய சைடு பிடிச்சு நல்லா அயர்ன் பண்ணி போட்டா "எங்க தெச்ச?"ன்னு கேப்பாங்க.

கையில பத்தாயிரம் இருக்குன்னு வெச்சுக்கலாம், நானா இருந்தா இப்படி பிரிப்பேன்: ஷூவுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு, ரெண்டு பேண்டுக்கு மூவாயிரம், மூணு சட்டைக்கு ரெண்டாயிரத்து எழுநூறு, பெல்ட்டுக்கு அறுநூறு, ஆல்டரேஷனுக்கு ஐநூறு, மிச்சம் எழுநூறுல சாக்ஸ், பனியன், கர்ச்சீப், ஒரு பாலிஷ் டப்பா. இதுல ஒரு வரி கணக்கு இருக்கு, தெரிஞ்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு ரெடிமேட் உடையோ ஒரு ஜோடி ஷூவோ செருப்போ 2500 ரூபா வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5%, அத தாண்டினா 18%. அதாவது வரிக்கு முன்னாடி 2400 ரூபா ஷூன்னா பில்லு 2520, அதே 2600 ரூபா ஷூன்னா 3068. இருநூறு ரூபா ஏறினா ஐநூத்தி சொச்சம் எக்ஸ்ட்ரா போகுது, அதனால அந்த எல்லைக்கு பக்கத்துல இருக்க ஐட்டம்னா கொஞ்சம் யோசிச்சு எடுங்க.

துணி

நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சட்டைன்னா காட்டன் தான், இதுல பேரம் பேசவே வேணாம். முழு பாலியஸ்டர் சட்டை கடையில ஏசிக்குள்ள பளபளன்னு சூப்பரா தெரியும், வெளிய வந்து பஸ்ல ஏறி கிண்டி தாண்டறதுக்குள்ள முதுகோட ஒட்டிக்கும், வேர்வை நாத்தமும் அதுல தான் சீக்கிரம் ஏறும், துவைச்சாலும் லேசுல போகாது. விலை அட்டைய பாக்கறதுக்கு முன்னாடி உள்பக்கம் சைடு தையல்ல ஒரு குட்டி லேபிள் இருக்கும் பாருங்க, அத படிங்க. 100% காட்டன்னு இருந்தா நல்லது, தினமும் அயர்ன் பண்ண முடியாதுன்னா அறுபது காட்டன் நாப்பது பாலியஸ்டர் கலந்தது ஓகே, அதுக்கு கீழ காட்டன் குறைஞ்சா வேணாம். "காட்டன் ரிச்"னு பெருசா எழுதியிருக்கும், காட்டன் பாதிக்கு மேல இருக்குன்னு தான் அர்த்தம், முழு காட்டன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க.

கையில ரெண்டு டெஸ்ட் பண்ணலாம், சேல்ஸ்மேன் மொறைச்சாலும் பரவால்ல. சட்டை ஓரத்த கைக்குள்ள கசக்கி ஒரு பத்து செகண்ட் இறுக்கி பிடிச்சு விடுங்க, கசங்கி அப்படியே நின்னுச்சுன்னா மதியத்துக்குள்ள உங்க முதுகும் அப்படித்தான் இருக்கும். ரெண்டாவது, துணிய ஒத்தையா விரிச்சு ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிங்க, பின்னாடி இருக்க உங்க விரல் தெளிவா தெரிஞ்சா உள்ள போடுற பனியனும் தெரியும். துணியா எடுத்து தெக்கறவங்க 2/80, 2/100னு கேட்டிருப்பீங்க, நூலோட கணக்கு அது, ரெண்டு இழைய முறுக்கி நெய்தது, எண் கூடக் கூட நூல் மெல்லிசு, துணி மழமழன்னு இருக்கும். தினசரி போட 2/80 தாராளம். லினன் காத்தோட்டத்துக்கு பிரமாதம், ஆனா உக்காந்து எந்திரிச்சாலே கசங்கும், அது லினனோட குணம், அத ரசிக்கறவங்க வெள்ளிக்கிழமை போடலாம், இன்டர்வியூக்கு வேணாம்.

பேண்ட் விஷயத்துல நான் அப்படியே எதிர்க்கட்சி. முழு காட்டன் பேண்ட் முட்டில உப்பிக்கும், நாலு துவைப்புல கலர் மங்கிடும். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி, கடையில டெரி ரேயான்னு சொல்லுவாங்க, அது மடிப்பு நிக்கும், விழற விதமும் அழகு. கருப்பு வேணாம், முதல் பேண்ட் நேவி ப்ளூ, ரெண்டாவது கிரே. இந்த ரெண்டுக்கும் நீங்க வெச்சிருக்க எந்த சட்டையும் போகும். கருப்பு பேண்ட்ல நம்ம ஊர் தூசி மொத்தமும் தெரியும், வெள்ளை சட்டையோட சேத்து போட்டா கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாற வந்தவர்னு நெனப்பாங்க.

தெக்க கொடுக்கறவங்களுக்கு: 58 இஞ்ச் அகலத் துணின்னா முழுக்கை சட்டைக்கு 1.60 மீட்டர், 36 இஞ்ச்னா 2.25 மீட்டர், பேண்டுக்கு 58ல 1.20 இல்ல 1.30. உடம்பு கொஞ்சம் பெருசுன்னா கூட எடுக்கணும். காட்டன் துணிய ஒரு ராத்திரி தண்ணில ஊற வெச்சு நிழல்ல காயப்போட்டு அப்புறம் டெய்லர்கிட்ட கொடுங்க. இல்லன்னா தெச்சு முதல் துவைப்புல கை அரை இஞ்ச் ஏறிக்கும், கழுத்து பட்டன் போட முடியாது, அப்புறம் டெய்லர திட்டி என்ன பிரயோஜனம்.

ஃபிட்டிங், இத மட்டும் நிதானமா படிங்க

ட்ரையல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நெஞ்ச நிமித்திட்டு நின்னு பாத்துட்டு வெளிய வந்துடறோம், அதுதான் பிரச்சனையே, ஆபீஸ்ல யாரு அப்படி நிக்கப் போறா. முதல்ல தோள பாருங்க. கையும் உடம்பும் சேர்ற தையல், உங்க தோள் எலும்பு முடியற இடத்துல கரெக்டா உக்காரணும். கீழ இறங்கி புஜத்துல தொங்குனா பெருசு, கழுத்து பக்கம் ஏறி நின்னா சின்னது. தோள் சரியில்லன்னா அந்த சட்டைய அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க, ஏன்னா அத ஆல்டர் பண்றது பெரிய வேலை, கழட்டி திரும்ப தெக்கணும், சட்டை விலைல பாதி போயிடும், அப்பவும் ஒழுங்கா வராது.

அடுத்து கழுத்து பட்டன போட்டு ரெண்டு விரல் உள்ள விட்டு பாருங்க, சுலபமா போனா சரி. ரெண்டு கையையும் பஸ்ல மேல கம்பிய பிடிக்கற மாதிரி தூக்குங்க, டக் இன் பண்ணது முழுசா வெளிய வந்துடுச்சுன்னா சட்டை நீளம் பத்தல. அப்புறம் ட்ரையல் ரூம்ல ஸ்டூல் இருந்தா உக்காருங்க, இல்லன்னா குத்தவெச்சாவது பாருங்க, வயித்துகிட்ட ரெண்டு பட்டனுக்கு நடுவுல வாய் பிளந்தா ஒரு சைஸ் ஏத்துங்க. இதுல வெக்கப்பட ஒன்னுமில்ல, லேபிள்ல 40ன்னு இருக்கா 42ன்னு இருக்கான்னு யாரும் காலர திருப்பி பாக்கப் போறதில்ல. கை மணிக்கட்டு எலும்புல முடியணும்.

சைடுல துணி தொளதொளன்னு இருக்கா, அதுக்கு கவலையே படாதீங்க. பெரிய துணிக்கடை இருக்க தெருவுல எல்லாம் வாசல்லயே தையல் மெஷின் போட்டு ஒரு அண்ணன் உக்காந்திருப்பாரு, அவர்கிட்ட "அண்ணே ரெண்டு சைடும் பிடிச்சு கொடுங்க, முதுகுல ரெண்டு டாட் போட்டுடுங்க"ன்னா (டாட்னா துணிய உள்பக்கமா மடிச்சு பிடிக்கற தையல்) பிரிச்சு அடிச்சு கொடுத்துடுவாரு. ஆனா ஒரு விஷயம், அவர் அவசரத்துல ஓவரா பிடிச்சிடுவாரு, அதனால சட்டைய போட்டுட்டே குண்டூசி குத்தி காட்டுங்க, மூச்ச உள்ள இழுக்காம சாதாரணமா நில்லுங்க. பேண்ட் இடுப்பு பின்பக்க தையல்ல கொஞ்சம் துணி விட்டிருப்பாங்க, உள்ள திருப்பி பாருங்க, இருந்தா ஒரு இஞ்ச் வரைக்கும் விரிக்கலாம். வாங்கும்போதே இத பாத்து வாங்கறது புத்திசாலித்தனம், ஏன்னா வேலைல சேந்து ஆறு மாசத்துல உக்காந்த இடத்துல இடுப்பு ஏறாத ஆள் ரொம்ப கம்மி.

பேண்ட் நீளத்துக்கு ஆபீஸ் ஷூவ போட்டுட்டு போங்க, செருப்போட போய் அளவு கொடுக்காதீங்க. முன்னாடி ஷூ மேல லேசா ஒரே ஒரு மடிப்பு விழுந்தா போதும். கணுக்கால்ல நாலு மடிப்பு சுருண்டு கிடக்கறது தான் நம்ம ஊர்ல அதிகம் பாக்கறது, "வளர்ற பையன்"னு வாங்கி கொடுத்த பழக்கம் வேலைக்கு போனதுக்கப்புறமும் விட மாட்டேங்குது.

கலர் பத்தி

கடையில சேல்ஸ்மேனும் கூட வந்த அத்தையும் சேந்து "உங்க கலருக்கு இது எடுக்காது"ன்னு சொல்லுவாங்க பாருங்க, அந்த பேச்ச அப்படியே ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுங்க. மாநிறத்துக்கும் கருப்புக்கும் நேவி, மெரூன், பாட்டில் கிரீன், கடுகு மஞ்சள், சுத்த வெள்ளை எல்லாம் அள்ளும். எடுக்காம போறது எதுன்னா பழுப்பும் இல்லாம சந்தனமும் இல்லாம ஒரு மங்கின கலர் இருக்கும் பாருங்க, அது யார் போட்டாலும் காய்ச்சல்ல எந்திரிச்சு வந்த மாதிரி தான் இருக்கும். மொத மூணு சட்டைக்கு வெள்ளை, வெளிர் நீலம், மெல்லிசா கோடு போட்ட ஒன்னு. கட்டம் போட்டது நாலாவதா வரட்டும். ட்யூப் லைட்ல கலர் ஏமாத்தும், வாசல் வரைக்கும் எடுத்துட்டு வந்து வெளிச்சத்துல பாருங்க, வாட்ச்மேன் பாத்துட்டே நிப்பாரு, சொல்லிட்டு போங்க.

வெள்ளை சட்டைக்கு உள்ள வெள்ளை பனியன் போட்டா பனியனோட ஓரம் பளிச்சுன்னு தெரியும். தோல் கலருக்கு பக்கத்துல இருக்க பழுப்போ, வெளிர் சாம்பலோ போட்டா தெரியாது. கை வெச்ச பனியன்னா அக்குள் வேர்வைய அது குடிச்சிக்கும், சட்டை ரொம்ப நாள் வரும். அக்குள்ல மஞ்ச கறை வர்றது வெறும் வேர்வையால இல்ல, வேர்வைய நிறுத்தற டியோல இருக்க அலுமினிய உப்பும் வேர்வையும் சேந்து தான் அந்த மஞ்ச, அதனால டியோ நல்லா காஞ்சப்புறம் சட்டைய மாட்டுங்க.

பெண்களுக்கு

புடவை கட்டறவங்க ஆபீஸுக்கு காட்டன் எடுக்கறதா இருந்தா கோ-ஆப்டெக்ஸ் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. 1935ல ஆரம்பிச்ச கூட்டுறவு, பண்டிகை சமயத்துல 30% தள்ளுபடி போடுவாங்க, பட்டு பக்கம் போகாம காட்டன் செக்ஷனுக்கு நேரா போங்க. தினமும் கட்ட நெகமம் காட்டன் நல்லாருக்கும். கோவை கோரா காட்டன் பட்டும் பருத்தியும் கலந்தது, லேசா மினுக்கும், மீட்டிங் இருக்க நாளைக்கு சரி. காரைக்குடி கண்டாங்கி கம்பீரமா இருக்கும், ஆனா கொஞ்சம் கனம், மே மாசத்துல யோசிங்க. மதுரை சுங்குடி சாயம் போகும், மொத மொத தனியா உப்புத் தண்ணில அலசிட்டு தான் மத்த துணியோட சேக்கணும்.

கட்டறதுல ரெண்டு மூணு நுணுக்கம். செருப்ப போட்டுட்டு புடவை கட்டுங்க, அப்பதான் கீழ் உயரம் சரியா நிக்கும், கட்டிட்டு அப்புறம் ஹீல்ஸ் போட்டா கணுக்கால் தெரியும், கழட்டினா தரைய கூட்டும். தோள்ல பின் குத்தும்போது பின்னுல ஒரு சின்ன பாசிய கோத்துட்டு குத்துங்க, புடவை பின்னோட சுருள்ல மாட்டி கிழியாது, இத தெரிஞ்சுக்காம எத்தனையோ நல்ல புடவைல தோள்பட்டை ஓட்டையாகியிருக்கு. கொசுவத்துக்கு உள்பக்கமா குத்தி பாவாடையோட சேத்துடுங்க. பாவாடை கலரு புடவையோட ஒத்துப்போகணும், வெயில்ல நடந்து வரும்போது தான் தெரியும் ஏன் சொல்றேன்னு. பிளவுஸுக்கு காட்டன் லைனிங், சைடு தையல்ல ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்க. ஜாயினிங் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே டெய்லர்கிட்ட கொடுத்துடுங்க, "நாளைக்கு வாங்க மேடம்"ங்கற வார்த்தைக்கு நம்ம ஊர்ல அடுத்த வாரம்னு பொருள்.

குர்தின்னா முட்டி வரைக்கும் இல்ல அதுக்கு கீழ, சைடு ஓபனிங் எங்க ஆரம்பிக்குதுன்னு உக்காந்து பாத்து வாங்குங்க, இடுப்புலயே ஆரம்பிச்சா நாள் முழுக்க இழுத்து விட்டுட்டே இருக்கணும். லெக்கிங்ஸ விட ஸ்ட்ரெய்ட் பேண்ட் தான் ஆபீஸுக்கு ஒழுங்கு, அதுல பாக்கெட் இருந்தா இன்னும் உத்தமம், போன் வைக்க இடமில்லாம கையிலயே தூக்கிட்டு அலையறது எவ்வளவு கொடுமை. துப்பட்டா போடறவங்க ரெண்டு பக்கமும் பின் பண்ணிடுங்க, வண்டில போறவங்க அத மடிச்சு பைக்குள்ளயே வெச்சுட்டு ஆபீஸ் போய் போட்டுக்கோங்க, சக்கரத்துல மாட்டற ஆபத்து நிஜம்.

நகைல ஒரே ஒரு ரூல், சத்தம் வரக்கூடாது. ஜிமிக்கி ஆடறது அழகு தான், ஹெட்செட் போட்டு கால் பேசும்போது மைக்ல கிணுகிணுன்னு கேக்கும். கண்ணாடி வளையல் லேப்டாப்ல தட்டும். சின்ன கம்மல், ஒரு கைல வாட்ச், இன்னொரு கைல ஒத்தை வளையல், முடிஞ்சது. மல்லிப்பூ வெச்சுட்டு போலாமான்னு கேக்கறாங்க, தாராளமா போங்க, என்னோட கருத்து அதான், ஒரு முழத்துக்கு மேல வேணாம், மூடின ஏசி ரூம்ல சாயங்காலம் அந்த வாசம் சிலருக்கு தலைவலி.

காலுக்கு ஒன்னரை, ரெண்டு இஞ்ச் பட்டை ஹீல் தாண்ட வேணாம். மெட்டி போட்டிருக்கவங்க முன்பக்கம் குறுகின மூடின ஷூ எடுத்தா விரல்ல அழுத்தி புண்ணாகும், முன்பக்கம் அகலமா இருக்கறதா பாருங்க. எலக்ட்ரிக் ட்ரெயின்ல போறவங்க வழிக்கு ஒரு ரப்பர் செருப்பு, ஆபீஸ் டேபிளுக்கு கீழ ஒரு நல்ல ஜோடி, இப்படித்தான் பாதி சென்னை ஓடுது.

ஷூ

பணத்த இதுல போடுங்கன்னு ஏன் சொல்றேன்னா, சட்டை மூணு இருக்கும், ஷூ ஒன்னு தான், தினமும் அதுதான் உழைக்குது. சாயங்காலமா போய் வாங்குங்க, நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலைல சரியா இருக்க ஷூ சாயங்காலம் கடிக்கும். ஆபீஸுக்கு போடப்போற சாக்ஸயே போட்டுட்டு போங்க. ரெண்டு காலும் ஒரே அளவு இல்ல யாருக்கும், பெரிய காலுக்கு எடுங்க. சின்ன வயசுல செருப்பில்லாம, இல்ல திறந்த செருப்புல நடந்து பழகின கால் நமக்கு முன்னாடி அகலமா இருக்கும். லேஸ் பகுதி மூடி தெச்ச ஆக்ஸ்ஃபோர்ட் ஷூ அந்த காலுக்கு புறங்கால்ல இறுக்கும், லேஸ் பகுதி ரெண்டு இறக்கையா திறக்கற டெர்பி மாடல் தான் வசதி. கருப்பு ஒன்னு முதல்ல, ரெண்டாவது வாங்கும்போது அடர் பிரவுன். மூக்கு கூரா நீட்டிட்டு இருக்கறது, சைடுல பளபள பக்கிள் வெச்சது ரெண்டும் கல்யாண ரிசப்ஷனோட நிக்கட்டும்.

தோல் ஷூவா ரெக்சினான்னு பாக்க, வளைக்கற இடத்துல அழுத்தி பாருங்க, தோல்ல மெல்லிசு மெல்லிசா சுருக்கம் விழுந்து கைய எடுத்தா கலையும், ரெக்சின் பெருசா ஒரே மடிப்பா மடங்கும். ஓரம் வெட்டின இடத்துல நாரு நாரா தெரிஞ்சா தோல், அடில துணி ஒட்டியிருந்தா ரெக்சின். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போற வேலை இருந்தா சென்னை பெங்களூர் ஹைவே ஓரத்துல ஆம்பூர்ல வரிசையா தோல் ஷூ கடை இருக்கு, வெளிநாட்டுக்கு போற ஷூ தைக்கற ஊரு அது. பிரியாணிக்கு வண்டிய நிறுத்தறவங்க அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு வரலாம். ஆனா ரெண்டு ஷூவும் ஒரே சைஸா, ஒரே கலரான்னு வெளிச்சத்துல வெச்சு பாக்காம காசு கொடுக்காதீங்க, மிச்சம் மீதி சரக்குல அது நடக்கும்.

அடில எழுதியிருக்க மெட்டீரியலையும் பாருங்க. பியூ (PU, பாலியூரித்தேன்) சோல் லேசா இருக்கும், மெத்துன்னு இருக்கும், ஆனா ஈரக்காத்துல தானா பொடிஞ்சு போகும், போடாம பரண்ல வெச்சிருந்தா கூட. அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கின ஷூவ மூணு நாலு வருஷம் கழிச்சு எடுத்து போட்டுட்டு இன்டர்வியூ போய், வாசல்லயே அடிப்பாகம் மாவு மாதிரி உதிர்ந்து நின்ன பையன நேர்லயே பாத்திருக்கேன், பாவம், ஃபெவிக்விக் தேடி ஓடினான். ரொம்ப நாள் பெட்டில இருந்த ஷூன்னா போடறதுக்கு முந்தின வாரமே ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டு நடந்து பாருங்க. ரப்பர் சோல் இந்த வம்பு பண்ணாது, மழைல அவ்வளவா வழுக்கவும் செய்யாது.

மழை நாள்ல, அதான் நமக்கு ஐப்பசி கார்த்திகை, தோல் ஷூவ கவர்ல கட்டி பைல போட்டுட்டு செருப்போட போங்க. நனைஞ்சிருச்சுன்னா உள்ள நியூஸ்பேப்பர கசக்கி திணிச்சு ஃபேனுக்கு அடில வைங்க, வெயில்லயோ ஃப்ரிட்ஜ் பின்னாடியோ வெச்சா தோல் வெடிச்சிடும். பாலிஷ் வாரத்துக்கு ஒரு தடவ போதும், முதல்ல தூசிய துணியால துடைச்சிட்டு, கொஞ்சமா தடவி, பத்து நிமிஷம் விட்டு பிரஷ் போடணும். அவசரத்துக்கு பஞ்சுல வர்ற திரவ பாலிஷ் இருக்கே, அது வெறும் பூச்சு, தொடர்ந்து போட்டா தோல் விரிசல் விடும்.

சாக்ஸ் பேண்ட் கலருக்கு மேட்சா இருக்கணும், ஷூவுக்கு இல்ல. கால் மேல கால் போட்டு உக்காந்தா தோல் தெரியாத நீளம். வெள்ளை சாக்ஸ் ஸ்கூலோட முடிஞ்சு போச்சு.

பெல்ட், வாட்ச், கோட்டு, வேட்டி

பெல்ட் ஷூ கலர்ல, இடுப்பு அளவ விட ரெண்டு இஞ்ச் கூட, நடு ஓட்டைல மாட்டற மாதிரி. கழுகு, சிங்கம், பெரிய எழுத்து போட்ட பக்கிள் வேணாம். ரெண்டு பக்கமும் திருப்பி போடற பெல்ட் லாபம்னு தோணும், விலை கம்மியானதுல பக்கிள்கிட்ட உரிஞ்சிடும். வாட்ச் எதுவா இருந்தாலும் ஓகே, ஸ்மார்ட் வாட்ச்சும் தப்பில்ல, மெட்டல் ஸ்ட்ராப் தொளதொளன்னு வளையல் மாதிரி ஆடினா கடையில ரெண்டு கண்ணி எடுத்து தருவாங்க. சட்டை பாக்கெட்ல ஜெல் பேனா, சில்லறை, மொபைல் எதையும் திணிக்காதீங்க. ஐடி கார்டு நாடா அழுக்கேறி கருத்து போயிருக்கறத யாரும் கவனிக்கறதில்ல, அத கழட்டி சோப்புத் தண்ணில ஊற வெச்சா புதுசாயிடும், காசே இல்லாம செய்யற வேலை.

கோட்டு போடற அவசியம் பெரும்பாலும் வராது, கேம்பஸ் இன்டர்வியூ, வங்கி, ஹோட்டல், கோர்ட்டு தவிர. வாங்கினா முழு லைனிங் இல்லாம பாதி லைனிங் வெச்சது. புது கோட்ல பின்பக்கம் பிளவுல பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும், கைல பிராண்ட் பட்டி தெச்சிருக்கும், ரெண்டையும் பிரிச்சு எடுக்கணும், கடையில மடிப்பு கலையாம இருக்கறதுக்காக போட்டது அது. அதோடயே ரிசப்ஷன் மேடைல நிக்கிற மாப்பிள்ளைங்கள இன்னிக்கும் பாக்கலாம். கீழ் பட்டன் போடக்கூடாது, உக்காரும்போது எல்லா பட்டனையும் கழட்டிடுங்க.

வேட்டி ஃபார்மலா இல்லையான்னு ஒரு சண்டை வரும். 2014ல சென்னைல ஒரு கிரிக்கெட் கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டில வந்த ஹைகோர்ட் நீதிபதிய உள்ள விடாம போய், அது சட்டசபை வரைக்கும் போய், வேட்டி கட்டினவங்கள அந்த மாதிரி இடங்கள்ல தடுக்கக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு. 2019ல அரசு ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவுலயும் வேட்டிக்கு இடம் இருக்கு. பிரைவேட் கம்பெனில பொங்கல் சமயம் தவிர பாக்க முடியாது, ஆனா கட்டறதுன்னா கஞ்சி போட்டு, கரை நேரா விழற மாதிரி கட்டுங்க, கட்ட பழக்கமில்லாதவங்க ஒட்டிக்கிற வேட்டி எடுத்துக்கோங்க, பாதில அவுந்து மானம் போறதுக்கு அது எவ்வளவோ மேல்.

துவைக்கறதும் அயர்னும்

தேங்காய் எண்ணெய் தலையோட காலர் மேல சாயறதால ஒரு பழுப்பு கோடு விழும், அதுக்கு துவைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஷாம்பூவோ பாத்திரம் தேய்க்கற லிக்விடோ தடவி பத்து நிமிஷம் விட்டு கையால லேசா தேய்ங்க, முரட்டு பிரஷ் போட்டா காலர் ஓரம் நார் நாரா பிஞ்சிடும். நீலம் போடறவங்க சொட்டு நீலத்த பக்கெட் தண்ணில நல்லா கலக்கிட்டு அப்புறம் சட்டைய முக்குங்க, நேரா விட்டா திட்டு திட்டா வானம் மாதிரி ஆயிடும். டார்க் கலர் எல்லாம் உள்பக்கம் திருப்பி நிழல்ல காய வைங்க. மழைக்காலத்துல சரியா காயாத சட்டைல ஒரு ஈர நாத்தம் வரும், சென்ட் அடிச்சு மறைக்க பாக்காதீங்க, ரெண்டும் சேந்து இன்னும் மோசம், திரும்ப அலசி ஃபேனுக்கு அடில காய வெச்சு சூடா அயர்ன் போடணும்.

காட்டன லேசா ஈரமா இருக்கும்போதே தேய்ங்க. காலர முனைல ஆரம்பிச்சு நடுவுக்கு வாங்க, நடுவுல இருந்து முனைக்கு போனா சுருக்கம் முனைல போய் நிக்கும். டார்க் பேண்ட்ட உள்பக்கம் திருப்பி தேய்க்கணும், இல்ல மேல ஒரு காட்டன் துணி போட்டு தேய்க்கணும், நேரா வெச்சா உக்கார்ற இடத்துல பளபளன்னு ஒரு ஷைனிங் வந்து பேண்ட் கிழடாயிடும். இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கொடுக்கறவங்க இத சொல்லி கொடுங்க, சொன்னா செய்வாங்க. கரிப்பெட்டிய பொறி தட்டிட்டு வெள்ளை சட்டைல வைக்கச் சொல்லுங்க. மடிச்சு வாங்காம ஹேங்கர்ல வாங்கினா நெஞ்சுல அந்த நாலு கோடு விழாது.

பைக்ல போறவங்க ஒரு பழைய சட்டைய மேல போட்டுட்டு போங்க, காலர்ல புகை படியாது. பேக் மாட்டின முதுகு எப்படியும் நனையும், அதுக்கு ஆபீஸ் டிராயர்ல ஒரு வெளிர் நீல சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ், ரெண்டு சேஃப்டி பின், ஒரு சீப்பு எப்பவும் இருக்கட்டும்.

ஜாயின் பண்ற நாளுக்கு முந்தின சாயங்காலம் உள்ளாடைல இருந்து ஷூ வரைக்கும் மொத்தமும் போட்டு ஒரு தடவ வீட்டுக்குள்ள நடங்க, உக்காருங்க, குனிஞ்சு லேஸ் கட்டுங்க. விலை அட்டை தொங்குதா, பாக்கெட் தையல் பிரிக்காம இருக்கா, ஷூக்கு அடில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா, காலருக்கு உள்ள அந்த பிளாஸ்டிக் பட்டி இன்னும் இருக்கா, எல்லாத்தையும் அப்பவே எடுத்துடுங்க, காலைல ஏழு மணிக்கு கத்திரிக்கோல் கிடைக்காது.